சுரங்கத்து நஞ்சைத் தின்னும் பாக்டீரியா, காலனிக்கு எப்போது வரும்?

கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு போகிற பாதையில் மூல வைகை கூடவே வரும். ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களில் மணலில் ஒரு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். ஊர்க் கிணற்றில் வாளி போட விடாத காலத்தில் நம் பாட்டிமாருக்கு அந்த ஊற்றுதான் கிணறு. முதலில் கலங்கி வரும் நீரைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்து வருவதைக் குடத்தில் நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதைக் குடித்துத்தான் தலைமுறைகள் வளர்ந்தன.

அந்த நீரைச் சுத்தமாக்கிக் கொடுத்தது எது? மணல் என்போம். அது பாதி விடைதான். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ்கின்றன. நீரோடு வரும் அழுகலையும் கரைந்த கழிவையும் அவை தின்றுவிடுகின்றன. 1829-ல் லண்டனில் தேம்ஸ் ஆற்று நீரை மணல் படுகை வழியாக வடிகட்டி மக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோதும் உள்ளே நடந்த வேலை இதுதான். பாக்டீரியா என்றால் நோய் என்றுதான் பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். நம் ஊற்றைக் காத்ததும் பாக்டீரியாதான் என்று யாரும் சொல்லவில்லை.

இதே உயிரிகளைச் சுரங்கங்களின் பக்கத்தில் கெட்டுப்போன நீரைச் சுத்தம் செய்யவும் பயன்படுத்துகிறார்கள். நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வேலை இது. அறிவியல் பக்கத்தில் வரவேண்டிய செய்தியை இந்தப் பகுதியில் ஏன் எழுதுகிறாய் என்று வாசகர்கள் கேட்கலாம். சுரங்கத்தில் இறங்கியவர்கள் யார், சுரங்கக் கழிவின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால் இது எங்கே வரவேண்டிய செய்தி என்பது புரியும்.

பொட்டிப்புரத்தில் தொடங்கி...

தேனி மாவட்டத்தில் நியூட்ரினோ என்ற சொல்லைக் கேள்விப்படாத கிராமம் இருக்காது. பொட்டிப்புரம் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்து, ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பு நடந்தது. மலையைக் குடைய அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த விவாதத்தில் அடிக்கடி வந்த ஒரு பெயர் கோலார் தங்கவயல். 1965-ல் இந்திய விஞ்ஞானிகள் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தது அங்கே, பூமிக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். உலகில் முதன்முதலில் நடந்த அத்தகைய பதிவுகளில் அது ஒன்று.

விஞ்ஞானிகள் இறங்கிய அந்தக் குழியை வெட்டியவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் அந்த விவாதத்தில் வரவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சாரை சாரையாகப் போன தமிழ்த் தலித்துகள்தான் அதை வெட்டினார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. ஊரில் பண்ணையாரின் நிலத்தில் அடிமைபோல் கிடப்பதைவிடச் சுரங்கத்தில் சாவது மேல் என்று போனவர்கள் அவர்கள். சாதியின் பெயரால் கூலி மறுக்கப்படாத ஓர் இடம் அதன் மூலம் அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கு விலையாக உயிரைக் கேட்டார்கள். பாறை வெடித்துச் சரிந்ததில் செத்தவர்கள் ஒரு பக்கம், நுரையீரலில் கல்தூசி படிந்து இருமி இருமிச் செத்தவர்கள் மறுபக்கம். சிலிகோசிஸ் என்ற அந்த நோய் குறித்து இந்தியாவில் முதலில் பெரிய அளவில் ஆய்வு நடந்ததும் கோலார் தொழிலாளர்களிடம்தான்.

தங்கவயல் நமக்கு உழைப்பின் வரலாறாகவும் அறிவின் வரலாறாகவும் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேர்பிடித்த இடங்களில் மாரிக்குப்பம் முக்கியமானது. 1914-ல் பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய 'தமிழன்' இதழைத் திரும்ப உயிர்ப்பித்து நடத்தியதும் தங்கவயல்தான். அப்பாதுரையார் அதை அங்கிருந்து நடத்தினார். 1930-ல் தொழிலாளர்கள் எல்லாரும் குற்றவாளிகளைப்போலக் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, வேலைநிறுத்தம் செய்து சுரங்கங்களை நிறுத்திக் காட்டியவர்கள் அந்த மக்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குச் சுரங்கம் விட்டுப்போனது என்ன?

மேடாகக் கிடக்கும் மிச்சம்

ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் சில கிராம்தான். மீதி அத்தனையும் கழிவு. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊற வைத்து, அதில் கரையும் தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட முறை அது. தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சும் சேற்றைக் கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி அது குன்றாக வளர்ந்தது. தங்கவயலில் அப்படி 13 மேடுகள் இருக்கின்றன. அவற்றில் 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு கிடக்கிறது. சயனைடு மேடு என்றுதான் அவற்றுக்குப் பெயர்.

120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து போனது. முதலில் லண்டனுக்குப் போனது, பிறகு அரசுக் கருவூலத்துக்குப் போனது. 1972-லிருந்து பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்திய சுரங்கம், 2001 பிப்ரவரி கடைசியில் மூடப்பட்டது. சுரங்கம் மூடிய பிறகும் மேடுகள் மூடப்படாமல் கிடந்தன. காற்று வீசும் காலத்தில் அந்த மாவுத்தூசி தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வந்து விழும். மழை பெய்தால் கரைந்து ஓடையில் இறங்கும்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். மேட்டின் மேற்பரப்பில் இருந்த சயனைடு, வெயிலிலும் காற்றிலும் பட்டுக் காலப்போக்கில் சிதைந்துவிடும். சிதையாமல் நிற்பவை சிலிக்கா தூசியும், கந்தகம் கலந்த கனிமங்களும், உலோகங்களும். கந்தகக் கனிமம் மழையும் காற்றும் பட்டால் அமிலமாக மாறும். அமிலம் பாறையிலிருக்கும் உலோகங்களைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்க்கும். உலகம் முழுவதும் கைவிடப்பட்ட சுரங்கங்களின் பெரிய தலைவலி இதுதான்.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தங்கத்தின் விலை ஏறிவிட்டது. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்க மத்திய அரசு திட்டமிட்டது. 13 மேடுகளும் இருக்கும் ஆயிரம் ஏக்கர் அளவிலான நிலத்தில் அந்த வேலையைச் செய்ய, 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேட்டைக் கிளறினால் தூசி எழும். தங்கத்தை மறுபடி சயனைடால் கரைத்தெடுத்தால், புதிய சயனைடு நீர் வெளியே வரும். அந்த நீர் எங்கே போகும்? யாருடைய கிணற்றில் போய்ச் சேரும்? இந்த முறையாவது அதைச் சுத்தம் செய்துவிட்டு வெளியே விடுவார்களா?

சுத்தம் செய்ய வழி இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது. வழி 1984-லேயே வந்துவிட்டது. வந்த இடமும் ஒரு தங்கச் சுரங்கம்தான்.

ஹோம்ஸ்டேக் ஓடையில் மீன் திரும்பிய கதை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் லீட் என்ற ஊரில் இருந்தது ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். கோலாரைப்போலவே ஆழமானது. கோலாரைப்போலவே நியூட்ரினோ ஆய்வுக்கும் பெயர் பெற்றது. அங்கே சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணிய ரே டேவிஸுக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. கோலாரைப்போலவே கழிவையும் வெளியே தள்ளியது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம், 1977 வரை, கழிவுச் சேறு முழுவதும் ஒயிட்வுட் என்ற ஓடையில்தான் விடப்பட்டது. அந்த ஓடையில் மீன் வாழவில்லை.

1984-ல் அந்த நிறுவனம் சயனைடு நீரைச் சுத்தம் செய்ய ஒரு நிலையத்தைக் கட்டியது. பாதி தண்ணீரில் மூழ்கியபடி மெதுவாகச் சுழலும் பெரிய பிளாஸ்டிக் தட்டுகள் அங்கே வரிசையாக நின்றன. தட்டுகளின் மேல் வழவழப்பான படலமாகப் பாக்டீரியா வளர்ந்தது. தட்டு மேலே வரும்போது பாக்டீரியாவுக்குக் காற்று கிடைத்தது, கீழே போகும்போது சயனைடு கிடைத்தது. நம் ஆற்று மணலில் நடக்கும் வேலையைச் சக்கரத்தில் ஏற்றியது போன்ற ஏற்பாடு.

மனிதரைக் கொல்லும் சயனைடு பாக்டீரியாவுக்கு எப்படி உணவாகும்? சயனைடு என்பது கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த பொருள். இரண்டும் உயிருக்குத் தேவையானவை. சயனைடு கலந்த நீரிலேயே வாழப் பழகிய சில பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை உடைத்து, கார்பனைச் சோடா உப்பு போன்ற கெடுதல் இல்லாத பொருளாகவும் நைட்ரஜனை அம்மோனியாவாகவும் மாற்றிவிடும். அம்மோனியாவும் மீனைக் கொல்லும் என்பதால் வேலை அத்தோடு முடியாது. அடுத்த தொட்டியில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். நீரிலிருந்த செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களில் பெரும்பகுதி படலத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சில ஆண்டுகளில் ஒயிட்வுட் ஓடையில் டிரவுட் மீன்கள் திரும்பி வந்தன.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்பெனிக்கு ஓடையின் மேல் திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. 1972-ல் அமெரிக்காவில் நீர் மாசு தடுப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இத்தனை அளவுக்கு மேல் சயனைடு ஓடையில் இறங்கக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதினார்கள். வேறு வழியில்லாமல்தான் ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தேடினார்கள். தேடியதும் கிடைத்தது, அவர்களுடைய சுரங்க நீரிலிருந்தே கிடைத்தது. சட்டம் முதலில் வந்தது, பாக்டீரியா பிறகு வந்தது.

அதே கதையில் வலிக்கிற இடம் ஒன்றும் உண்டு. அந்தக் கருங்குன்றுகள் லகோட்டா பழங்குடி மக்களின் நிலம். 1868-ல் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த நிலத்தை, தங்கம் கிடைத்ததும் 1877-ல் அமெரிக்க அரசு பறித்துக்கொண்டது. பறித்தது சட்டப்படி தவறு, இழப்பீடு கொடுங்கள் என்று 1980-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. லகோட்டா மக்கள் பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். எங்களுக்கு நிலம்தான் வேண்டும் என்றார்கள். ஓடை சுத்தமானது, நிலம் திரும்பவில்லை. பாக்டீரியா செய்யக்கூடிய நீதிக்கு எல்லை உண்டு என்பதை அந்த மக்களிடம் கற்கலாம்.

பூமிக்குள் இறங்கிய நஞ்சு

ஓடும் நீரைத் தொட்டியில் பிடித்துச் சுத்தம் செய்வது ஒரு வேலை. பூமிக்குள் இறங்கிவிட்ட நஞ்சை என்ன செய்வது? அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நிலத்தடி நீரை வெளியே இறைத்துச் சுத்தம் செய்வது. நெதர்லாந்தில் புடெல் என்ற ஊரில் நூறாண்டுப் பழமையான துத்தநாக உருக்காலை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி நிலத்தடி நீர் முழுவதும் துத்தநாகமும் சல்பேட்டும் கலந்துவிட்டது. 1992-ல் அந்த நீரை இறைத்து, காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் விட்டார்கள். உள்ளே சல்பேட்டைச் சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள் இருந்தன. அவற்றுக்குச் சாராயம் தீனியாகக் கொடுக்கப்பட்டது. பாக்டீரியா சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அதுதான் சல்பைடு. சல்பைடு துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியாகக் கீழே படியும். அந்த மண்டியைத் திரும்ப ஆலைக்கே கொண்டுபோய் உருக்கித் துத்தநாகமாக்கினார்கள்.

இரண்டாவது வழி, நீரை வெளியே எடுக்காமல் பூமிக்குள்ளேயே பாக்டீரியாவை வளர்ப்பது. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது, அதுவும் நமக்கு நெருக்கமான ஒரு துயரத்தை வைத்து.

தோல் பதனிடும் தொழிலை யார் தலையில் இந்தச் சமூகம் கட்டியது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கு வேண்டிய குரோமிய ரசாயனங்களைத் தயாரிக்க 1970-களில் ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை தொடங்கப்பட்டது. குரோமைட் என்ற தாதுவை வறுத்து ரசாயனம் எடுப்பார்கள். 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு அங்கேயே திறந்த வெளியில் விடப்பட்டது. அதிலிருந்த ஆறிணைய குரோமியம் மழை நீரில் கரைந்து, மஞ்சள் நீராக மண்ணுக்குள் இறங்கியது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒடிசாவின் சுகிந்தா வந்தது. நாட்டின் குரோமைட் தாது பெரும்பாலும் கிடைக்கும் பள்ளத்தாக்கு அது. அங்கே சுரங்கத்தின் ஓரத்தில் வாழ்பவர்களில் ஆதிவாசிகள் நிறையப் பேர்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர்கள் லிகி பிலிப், மூர்த்தி பல்லமுடி ஆகியோரின் குழு ராணிப்பேட்டை மண்ணை எடுத்து ஆராய்ந்தது. அந்த நஞ்சிலேயே உயிர் பிழைத்து வாழ்ந்துகொண்டிருந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றுக்குச் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைத் தீனியாகக் கொடுத்தார்கள். பாக்டீரியா நீரில் கரையும் ஆறிணைய குரோமியத்தைக் கரையாத மூவிணைய குரோமியமாக மாற்றியது. அது மண்ணோடு ஒட்டி நின்றுவிடும், நீரோடு நகராது, நச்சும் மிகக் குறைவு. நிலத்தடி நீர் வரும் பாதையில் பாக்டீரியாவை ஒரு வேலிபோல வளர்த்தால், நஞ்சோடு வரும் நீர் வேலியைத் தாண்டும்போது சுத்தமாகுமா என்று பெரிய மாதிரி அமைப்பில் சோதித்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. 2011-ல் அந்த முடிவுகள் வெளியாயின.

நஞ்சு தமிழ்நாட்டு நஞ்சு, பாக்டீரியா தமிழ்நாட்டுப் பாக்டீரியா, ஆய்வு செய்தது அரசு நிறுவனம், தீனியோ சர்க்கரை ஆலைக் கழிவு. இத்தனையும் கைவசம் இருந்தும், ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் கழிவு அங்கேயேதான் கிடந்தது. எந்தப் பாக்டீரியாவை விடுவது என்ற குழப்பத்தால் நின்ற வேலை இல்லை இது. பணம் யார் போடுவது, பொறுப்பு யாருடையது என்ற இழுபறியில் நின்ற வேலை. குடிப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீரின் அவசரம் நம் நாட்டில் அளக்கப்படுகிறது.

மந்திரம் இல்லை, வேலை

பாக்டீரியாவை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது ஊருக்கு வந்து சொன்னால் அதையும் நம்பக் கூடாது. மூன்று விஷயங்களை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்று, சயனைடையும் நைட்ரேட்டையும் பாக்டீரியா உடைத்துத் தீர்த்துவிடும். உலோகத்தைத் தீர்க்க முடியாது. குரோமியம் குரோமியமாகத்தான் இருக்கும், கரைந்து ஓடாமல் கட்டிவைக்க மட்டுமே முடியும். கட்டிவைத்த இடத்தைக் காலம் முழுவதும் கண்காணிக்க வேண்டும்.

இரண்டு, தீனியை நிறுத்தினாலோ மாற்றினாலோ வேலை கெடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்ற ஊரில், பழைய யுரேனிய ஆலைக்குக் கீழே நிலத்தடி நீரில் அசிட்டேட் என்ற வினிகர் உப்பைச் செலுத்தி ஜியோபாக்டர் என்ற பாக்டீரியாவை 2002-ல் வளர்த்தார்கள். சில வாரங்களில் யுரேனியம் வேகமாகக் குறைந்தது. பிறகு அந்தத் தீனிக்கு வேறு பாக்டீரியாக்கள் போட்டிக்கு வந்து பெருகியதும், யுரேனியத்தின் அளவு திரும்ப ஏறத் தொடங்கியது. அளந்துகொண்டே இருந்ததால்தான் அது தெரிந்தது.

மூன்று, பாதியில் விட்ட வேலை புதிய நஞ்சாகும். சயனைடை உடைத்து, அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ அப்படியே குடிநீரில் சேர விட்டால் அதுவும் கேடுதான். குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மீறினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

இந்த மூன்றுக்கும் கண்காணிப்பு வேண்டும், பணம் வேண்டும், கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

நம் வட்டாரத்தில் தங்கச் சுரங்கம் இல்லை, எங்களுக்கு எதற்கு இது என்று விட்டுவிட முடியாது. சட்டத்தின் கண்ணில் கல்லும் கனிமம், மணலும் கனிமம். கல்குவாரி என்பதும் சுரங்கம்தான்.

குவாரியில் பாறையைப் பிளக்க வைக்கும் வெடிமருந்தில் பெரும்பகுதி அம்மோனியம் நைட்ரேட். வெடிக்காமல் சிதறும் மிச்சம் மழை நீரில் கரைந்து குவாரிக் குழியில் தேங்கும், பாறை வெடிப்புகள் வழியாக நிலத்தடிக்கு இறங்கும். குவாரி ஓரத்தில் காலனி இருந்தால், காலனியின் போர்வெல்லில்தான் முதலில் தெரியும். தெரியும் என்றால் கண்ணுக்குத் தெரியாது. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததைக் கண்டு நாடே பதறியது. பதற வேண்டியதுதான். ஆனால் மெல்ல இறங்கும் நஞ்சுக்குப் பதறுவதற்கு, பரிசோதனைச் சீட்டு ஒன்று கையில் வேண்டும்.

நைட்ரேட்டுக்கும் பாக்டீரியா வழி உண்டு. காற்றுப் புகாத நிலையில், கார்பன் தீனி கிடைத்தால், சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்கு அந்த வாயுதான். மரச்சீவல் நிரப்பிய நீண்ட பள்ளத்தின் வழியாக நீரை மெல்ல விட்டு இதைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் வயல்களிலிருந்து வடியும் உர நீருக்கு இந்த முறையைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

பணம்? அதற்கும் சட்டம் இருக்கிறது. 2015-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 2017-ல் அதற்கு விதிகள் வந்தன. குவாரி நடத்துபவர்கள் அரசுக்குக் கட்டும் தொகையோடு ஒரு பங்கை இந்த அறக்கட்டளைக்கும் கட்ட வேண்டும். மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். குடிநீர், சுற்றுச்சூழல், மருத்துவம், கல்வி போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குக் குறைந்தது 60 விழுக்காடு செலவிட வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. 2024-ல் அது 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. குவாரி ஓரக் காலனியின் தண்ணீரைப் பரிசோதிப்பதும் சுத்தம் செய்வதும் இந்தப் பணத்தில் செய்ய வேண்டிய வேலைதான். கேட்காமல் யாரும் செய்யமாட்டார்கள்.

இன்னொரு சட்டம் நம் கையில் எப்போதும் இருக்க வேண்டியது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் குடிக்கத் தகாதபடி கெடுப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. அவமதிப்புக்கும் அடிதடிக்கும் மட்டுமே அந்தச் சட்டம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீரும் அதற்குள் வருகிறது. 1927 மார்ச்சில் மகத் நகரத்தின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீரைக் கையில் அள்ளியது, பொதுக்குளம் நமக்கும் உரியது என்று நிலைநாட்டத்தான். உரிமை கிடைத்த தண்ணீர் நஞ்சாக இருந்தால் அந்தப் போராட்டம் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

செய்ய வேண்டியவை இவை. நம் காலனிக்குப் பக்கத்தில் குவாரி இருந்தால், அதற்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்கள் கொடுக்க வேண்டிய அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். நிலத்தடி நீர்ப் பரிசோதனை என்ற பக்கத்தைப் புரட்டுவோம். எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார்கள், நம் கிணற்றிலா வேறு கிணற்றிலா என்று பார்ப்போம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் காலனித் தண்ணீரைச் சோதிக்கக் கேட்போம். நைட்ரேட் எவ்வளவு, சல்பேட் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குவோம். அளவு மீறியிருந்தால், சுத்தம் செய்யும் செலவைக் கனிம அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுவோம். புதிய குவாரிக்குக் கருத்துக்கேட்பு நடந்தால், வெடிமருந்து நீரை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்பதை உரிமத்திலேயே எழுதச் சொல்வோம். தங்கவயல் மக்களும் மேடுகளைக் கிளறும் முன் இதைத்தான் கேட்க வேண்டும். நாமும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

மூல வைகையில் மணல் வளமாக இருந்தவரை பாக்டீரியாக்கள் கூலி கேட்காமல் நம் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுத்தன. மணல் போன இடத்தில் அந்த வேலை நின்றுபோனது. நின்ற வேலையைத் திரும்பத் தொடங்க அறிவியல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பணமும் ஒரு கணக்கில் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தில் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு ஒரு பாட்டிலில் காலனிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் மேசையில் வைப்போம். இதைப் பரிசோதித்து முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்போம். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் எழுந்திருப்போம்.